கூட வந்திருப்பது யார்?

பெட்டிக்குக் குரல் கொடுத்தவள் நான்தான். அதனால் எங்கள் பக்கத்தில் பெட்டியைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் ஒருவகையில் என்னைத்தான் திட்டுகிறார்கள். பாராட்டும்போது மட்டும் அரசாங்கத்தைப் பாராட்டிவிடுகிறார்கள்.

பெட்டி என்றால், புற்றுநோய் வந்தவர்களின் வீட்டுக்கே வந்துவிடுகிற மருந்துப் பெட்டி. சின்ன பீரோ உயரம் இருக்கும். காலையில் விரலை வைத்தால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொள்ளும். அந்த உடம்புக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று அதுவே முடிவு செய்து, அதுவே கலந்து, முறை வரும் நாளில் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கையில் ஏற்றிவிடும். சாயங்காலமானால் பேசும். "மதினி, இன்னைக்கு எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும். ஆண்களென்றால் "அண்ணாச்சி". அந்தக் குரல்தான் என்னுடையது.

ஒரு காலத்தில் நான் திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். வாழைக்கு எப்போது மண் அணைக்க வேண்டும் என்று நான் சொல்லித்தான் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அணைத்தார்கள். பெட்டி செய்கிற நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் இளமாறன் கோயம்புத்தூர்க்காரர். "வெளியூர்க் குரல்ல கேட்டா சனங்க மனசு விட்டுப் பேச மாட்டேங்கறாங்கம்மா. ஞானப்பூ அம்மா குரல்னா கண்ணை மூடிட்டு நம்புவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. குரலும் கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைப் பார்த்து வருகிற வேலைக்கும் சேர்ந்துகொண்டேன். நான் ஒற்றைக்கட்டை. நாசரேத்தில் தனி வீடு. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல்.

என் வீட்டிலும் ஒரு பெட்டி உண்டு. எனக்கும் அந்த நோய் வந்து போனதுதான். ஆனால் என் காலத்தில் பெட்டி கிடையாது. ரயில்தான்.

அந்த ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று எல்லாருக்கும் தெரியும். திருச்செந்தூரிலிருந்து சாயங்காலம் புறப்பட்டுச் சென்னைக்குப் போகும். கீமோவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே ரயில்பெட்டியில் இடம் பிடிப்போம். ஆறுமுகநேரியில் உப்பளத்து அந்தோணிராஜ் அண்ணாச்சி ஏறுவார். குரும்பூரில் அன்னபுஷ்பம் ஏறுவாள். நாசரேத்தில் நான். காயல்பட்டினத்திலிருந்து செய்யது பீவி ராத்தா ஏற்கெனவே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் ஒரு தூக்குச்சட்டி நிறைய கஞ்சி இருக்கும். வாய்ப்புண்ணுக்கு அதைவிட இதமான சாப்பாட்டை நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தாமிரபரணிப் பாலம் தாண்டிவிட்டால் யாரும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லக்கூடாது. அதுவரை சொல்லலாம். ஊர்க்காரர்கள் இருப்பார்கள், வழியனுப்ப வந்த மச்சான் இருப்பான், அவர்களுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் உண்மை மட்டும்தான். மீறிச் சொன்னவர் எல்லாருக்கும் முன்னால் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்தோணிராஜ் அண்ணாச்சிக்குத் தொண்டையையே எடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் வேண்டுமென்றே ஒரு தாளில் "நல்லா இருக்கேன்" என்று எழுதிக் காட்டுவார். பாட்டுக்குப் பதிலாக டிபன் பாக்ஸில் தாளம் போடுவார். முடி கொட்டியது, வாந்தி எடுத்தது, புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டது, சாகப் பயமாக இருப்பது எல்லாவற்றையும் அந்த ரயில்பெட்டியில் வைத்துப் பேசினோம். அவ்வளவு சிரித்தோம் என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த ரயிலை நான் கோவிலாக்கிக் கும்பிடவில்லை. செய்யது பீவி ராத்தா பாதியிலேயே நின்றுவிட்டார். கூடவே அலைவதற்கு மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அண்ணாச்சி ஒருநாள் திரும்பி வரும் வழியில் விருதுநகருக்குப் பக்கத்தில் கண்ணை மூடியவர் பிறகு திறக்கவில்லை. இன்றைக்குப் பெட்டி இருந்திருந்தால் இருவருமே இருந்திருப்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த ரயிலுக்காக மனது ஏங்குகிறது என்றால் நான் என்ன செய்வேன்?

மிஞ்சியது நானும் அன்னபுஷ்பமும். அவள் குரும்பூரில் தையல்கடை வைத்திருந்தாள். என் ரவிக்கைகள் எல்லாம் அவள் கைவேலைதான். பதினைந்து வருஷம் கழித்து, போன சித்திரையில், அவளுக்கு நோய் திரும்ப வந்தது. இந்தத் தடவை அவள் எங்கேயும் அலையவில்லை. பெட்டி வீட்டுக்கு வந்தது. மகன் திரவியம் அதை நடுவீட்டில், டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அங்கேதான் பிளக் இருந்ததாம். மருமகள் பொன்மலர் சந்தனம், குங்குமம் வைத்தாள். நானே போய்ப் பொத்தானை அமுக்கி வைத்துவிட்டு, கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆடி மாதம் பார்க்கப் போனபோது அவள் வலதுகை விரல்கள் மூன்றிலும் தோல் வெந்து உரிந்திருந்தது.

"என்னட்டி இது?"

"எண்ணெ தெறிச்சுட்டு."

எண்ணெய் தெறித்தால் புள்ளி புள்ளியாகப் படும். இது தோசைக்கல்லை வெறுங்கையால் பிடித்த கை. பிடித்தது சூடு என்று விரலுக்கே தெரியாத கை. எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது. அந்த மருந்து கூடிப்போனால் முதலில் விரல் நுனி மரத்துப்போகும். கவனிக்காமல் விட்டால் மரப்பு மேலே ஏறும். பிறகு மருந்தை நிறுத்தினாலும் உணர்ச்சி திரும்பி வராது. மேசைமேல் பாதி தைத்த சட்டை ஒன்று துணி மூடிக் கிடந்தது. மாதக்கணக்காகக் கிடக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது.

அன்றைக்கே இளமாறனுக்குப் போன் செய்தேன்.

"அவங்க பெட்டிகிட்ட என்ன சொல்றாங்கம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுதா."

"தினமுங்களா?"

"தெனமும்."

"அப்ப பெட்டி மருந்தைக் கூட்டத்தான் செய்யும். ரத்தத்தைப் பாத்தா ஈரல் தெரியும், சிறுநீரகம் தெரியும், அணுக்கள் எத்தனைன்னு தெரியும். விரல் மரத்துப்போச்சா, ராத்திரி தூக்கம் வந்துச்சா, சோறு இறங்குச்சாங்கறதெல்லாம் ரத்தத்துல இல்லீங்கம்மா. அதை அவங்க வாயாலதான் சொல்லணும். ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, இன்னும் தாங்குவாங்கன்னு பெட்டி நினைச்சுக்கும். வர்ற திங்கள்கிழமை அடுத்த சுற்று. அதுல இன்னும் ஒருபடி ஏறும்."

"நான் சொல்லுதேன்லா. நான் கண்ணால பாத்தேன். கொறச்சு விடும்."

"முடியாதுங்கம்மா. நோயாளி வார்த்தைதான் கணக்கு. ஆரம்பத்துல வீட்டாளுங்க சொல்றதையும் கேட்டோம். ஒரு வீட்டுல அப்பா கெஞ்சக் கெஞ்ச, 'அவரால தாங்க முடியல, நிறுத்திருங்க'ன்னு மகனுங்க சொல்லிட்டாங்க. பின்னால பாத்தா சொத்துத் தகராறு. அதுக்கப்புறம்தான் மத்தவங்க குரலை எடுத்துக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "இன்னொண்ணு. உங்க மாவட்டம்தான் மாநிலத்துலயே முதலிடம். யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லைன்னு பதிவாகியிருக்கு. உங்களைப் பாராட்டி ஒரு குறும்படம் எடுக்கச் சொல்லியிருக்காங்க. நானே ஞாயித்துக்கிழமை வர்றேன்."

இந்த மாவட்டம் முழுக்க எத்தனை நடுவீடுகளில் என் குரல் கேட்கிறது, எத்தனை பேர் வீட்டாரைப் பார்த்துக்கொண்டே "நல்லா இருக்கேன்" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். இதற்கெல்லாம் முதலிடம், பாராட்டு, குறும்படம்!

அன்னபுஷ்பத்தின் வாயைத் திறக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம், "திருநெல்வேலியில ஒரு சேலை எடுக்கணும், வா" என்று அவளை ரயிலேற்றினேன்.

இப்போதைய ரயில் வேறு. ஜன்னல் திறக்காது. முறுக்குக்காரர் கிடையாது. கதவு மூடினால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. அன்னபுஷ்பம் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ராத்தா இங்க வரும்போதுதான் சட்டியத் தொறப்பா" என்றாள். பாளையங்கோட்டை தாண்டியது. பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் நன்றாகவே ஓடியது. பாலம் முடியும்வரை காத்திருந்து கேட்டேன்.

"எப்படிட்டி இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"பாலம் தாண்டியாச்சு, அன்னம்."

"தெரியுது."

"பெறவு என்ன?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. களைப்பாக இருந்தாள். "ஒன் கொரலக் கேட்டாலே எனக்கு அதான் வாயில வருது. நான் என்ன செய்யட்டும்? தெனம் சாயங்காலம் அவன் டிவி பாத்துக்கிட்டு இருப்பான். பேத்தி பாடம் படிப்பா. பொன்மலர் அடுப்படியில நிப்பா. நீ நடுவீட்டுல நின்னுக்கிட்டு எப்படி இருக்கீங்கன்னு கேக்குத. அத்தன பேரு காதுல விழுற மாதிரி நான் வேற என்னத்தச் சொல்லுவேன்? சொல்லிச் சொல்லிப் பழகிட்டு. இப்போ நீ எங்கன வச்சுக் கேட்டாலும் ஒண்ணுதான்."

"வெரலு மரத்துப்போச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"சேல எடுக்கத்தானே கூட்டிட்டு வந்த? சேல எடுப்போம்."

சேலை எடுத்தோம். அவள் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "நல்ல நூலு" என்றாள். அது மட்டமான சேலை. தொட்டாலே சொரசொரவென்றிருந்தது. தொட்டவுடன் எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்கிறவள் அவள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் விலை அதிகம் என்று அழுகிறேன் போலிருக்கிறது என்று நினைத்து, உடனே குறைத்துக் கொடுத்தார்.

வீடு திரும்பி எனக்கு மனசே ஆறவில்லை. என் தோழியை என் குரலே என்னிடமிருந்து பறித்துக்கொண்டது. ரயில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது, கூட்டத்தோடு போன காலத்தில் உண்மை இருந்தது, வீட்டுக்குள் வந்ததும் உண்மை செத்துவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இளமாறன் வந்தபோது, சாப்பிடக்கூட விடாமல் அவரிடமும் அதையே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒரு தடவை அவங்களை நேர்ல பாத்துருவோம்மா. படமும் எடுத்த மாதிரி ஆச்சு" என்றார்.

நாங்கள் குரும்பூர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். திரவியம் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. கூப்பிடப் போன என்னை இளமாறன் கையமர்த்தி நிறுத்தினார். உள்ளே யாரோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொன்மலர்தான். பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்னபுஷ்பம் உள்ளறையில் தூங்குகிறாள் போலிருக்கிறது.

"காலையில அர இட்லிதான். அதையும் வாந்தி எடுத்துட்டாக. குளிக்கப் போனவுக செவுத்தப் பிடிச்சுக்கிட்டுதான் நடந்தாக. பித்தான் போட முடியல. நான் போய்ப் போட்டா வெக்கப்படுவாகன்னு, நைட்டி எல்லாத்துக்கும் ஊக்கு வச்சுத் தச்சுக் குடுத்துட்டேன். அதையும் மாட்ட முடியல…"

பெட்டி பேசியது. "மன்னிக்கணும். நோயாளியின் குரல் மட்டுமே ஏற்கப்படும்."

என் குரல். அவ்வளவு இனிமையாக, அவ்வளவு மரியாதையாக அந்தப் பெண்ணின் வாயை அடைத்தது.

"நீ மன்னிப்பும் கேக்காண்டாம், ஒண்ணும் கேக்காண்டாம். சொல்லுறதக் கேட்டுக்கோ" என்றாள் பொன்மலர். "சாயங்காலம் நீ கேப்ப. அத்த நல்லா இருக்கேம்பாக. அத நம்பாத. தெனம் சொல்லுதேன், ஒனக்குக் காது கேக்கல."

"மன்னிக்கணும். நோயாளியின் குரல்…"

பொன்மலர் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். அதிகம் பேசாதவள். கல்லுளிமங்கி என்று அன்னபுஷ்பமும் நானும் கேலி செய்திருக்கிறோம். வீட்டுக்குள் உண்மை செத்துவிட்டது என்று புலம்பினேனே, அது தினம் மத்தியானம் இங்கே தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்க மாட்டேன் என்று சொன்னது நான்தான்.

"இந்தக் குரலெல்லாம் பதிவாகுமேம்மா" என்றார் இளமாறன் மெதுவாக. "பதிவாகி, வீட்டு இரைச்சல்னு ஒதுக்கிருவோம். மிக்ஸி சத்தம், டிவி சத்தத்தோட சேத்து."

அவர் சட்டத்தைப் பார்க்கவில்லை. அங்கேயே நின்று மருத்துவருக்குப் போன் போட்டார். மதுரையிலிருந்து இந்தப் பக்கத்துப் பெட்டிகளைக் கவனிக்கிறவர் டாக்டர் நூர்ஜஹான். விஷயத்தைக் கேட்டதும், "அவங்களை எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. முகத்தைப் பாத்துப் பேசணும்" என்றார்.

அன்னபுஷ்பம் தலையைக் கோதிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். போன் திரையில் டாக்டரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

"சந்தோஷம். பக்கத்துல யாரும்மா அது, மருமகளா? ஒரு குண்டூசி எடுத்து மேசைமேல வைம்மா. அம்மா, நீங்க அதை எடுத்துக் காட்டுங்க."

பொன்மலர் தையல் டப்பாவைத் திறந்து ஒரு குண்டூசியை வைத்தாள். அன்னபுஷ்பம் அதைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசியவள். விரல்களைக் கொண்டுபோய் ஊசிமேல் வைத்தாள். அது நழுவியது. மறுபடி வைத்தாள். விரல் பிடித்தது வெறும் மேசையை. ஊசி பக்கத்தில் கிடந்தது. பிடித்துவிட்டோமா இல்லையா என்று தெரியாமல், கையைத் தூக்கி விரல் நுனியைப் பார்த்தாள். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் நல்லா இல்லன்னு சொன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவீகளோன்னு பயந்துட்டேன் டாக்டர்" என்றாள். "பெறவு மெட்ராசுக்கு அலையணும். திரவியம் வேலைய விட்டுட்டு வரணும். அதுக்கு வெரலு போனாப் போவுதுன்னு…"

"பெட்டி எங்கேயும் போகாது. மருந்தைத்தான் குறைக்கப் போறேன். நாளைக்கு ஏத்த வேண்டாம். வேற ஒரு மருந்து இருக்கு, அதுக்கு மாத்திக்கலாம். விரல் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும். முழுசா வருமான்னு இப்பச் சொல்ல மாட்டேன்."

போனை வைப்பதற்கு முன் டாக்டர் கடைசியாகக் கேட்ட கேள்வி இளமாறனிடம்தான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏங்க, நாங்க ஒரு நோயாளியப் பாத்தா, எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டு, அடுத்து என்ன கேப்போம்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ரயிலில் போன எல்லாருக்கும் தெரியும். டாக்டர் நம்மைக் கேட்பார். நாம் நல்லா இருக்கேன் என்போம். டாக்டர் அதைக் காதிலேயே வாங்காமல் நம் தோளுக்குப் பின்னால் பார்த்து, "கூட யார் வந்திருக்கா?" என்று கேட்பார். பின்னால் நிற்கிற மகளோ, அண்ணனோ, புருஷனோ, நமக்குத் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார். ரயிலையும் கஞ்சியையும் பாட்டையும் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பின்னால் நின்று தலையாட்டியவர்கள் நினைவுக்கு வரவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது நல்லதுதான். நிறுவனத்தோடு சண்டை போட்டு இளமாறன் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கூட இருப்பவர் சொல்வதை வைத்துப் பெட்டி தானாக மருந்தைக் கூட்டாது, குறைக்காது. சொத்துத் தகராறு பயம் இருக்கிறதல்லவா. ஆனால் நோயாளி சொல்வதும் கூட இருப்பவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லையென்றால், ஒரு மருத்துவர் கட்டாயம் தானே போனில் அழைத்துப் பேச வேண்டும். எங்கள் மாவட்டம் முதலிடத்திலிருந்து சடசடவென்று கீழே போனது. குறும்படத்தை வேறு ஊரில் எடுத்துக்கொண்டார்கள்.

புதுக் கேள்வியைப் பதிவு செய்ய என்னைத்தான் கூப்பிட்டார்கள். "கூட யாரு இருக்கீங்க?" மைக்குக்கு முன்னால் நின்றபோது பொன்மலர் தரையில் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அன்பாக ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

முதல் நாள் அன்னபுஷ்பம் வீட்டில் நானும் இருந்தேன். பெட்டி கேட்டது. பொன்மலர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மாமியார் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை. அன்னபுஷ்பம் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சொல்லு தாயி. மத்தியானம் மத்தியானம் சொல்லுவியாம்லா, இப்போ என்ன?" திரவியம் டிவியை அணைத்தான்.

அன்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். விளக்கைப் போட்டேன். எனக்கு இப்போது வாரம் ஒருமுறை கண்காணிப்பு மட்டும்தான், ஒரு சொட்டு ரத்தமும் ஒரு கேள்வியும். என் பெட்டி கேட்டது. "மதினி, இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்" என்றேன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"கூட யாரு இருக்கீங்க?"

செருப்பு கையிலேயே நின்றுவிட்டது. அது எல்லா வீட்டுக்கும் போகிற கேள்வி. என் வீட்டுக்கும் வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. பெட்டி பொறுமையாகக் காத்திருந்தது. மறுபடியும், அதே அன்போடு, என் குரலிலேயே கேட்டது. யாரும் இல்லையென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதையும் பதிவு செய்திருக்கவில்லை.

சென்னையில் முதல் தடவை டாக்டர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது வரிசையில் பின்னால் நின்ற அன்னபுஷ்பம், அதுவரை என் பேரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளாதவள், "நான்தான் டாக்டர்" என்று முன்னால் வந்தாள். அடுத்த தடவை ராத்தா வந்தார். அதற்கடுத்த தடவை அண்ணாச்சி வந்து கையாலேயே எல்லாம் சொன்னார். அந்த ரயிலுக்காக நான் ஏன் இவ்வளவு ஏங்குகிறேன் என்று அந்தச் சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

பிறகு போனை எடுத்தேன். "அன்னம், அடுத்த வாரம் பெட்டி கேக்குற அன்னைக்கு எங்க வீட்டுக்கு வாறியா?"

"எதுக்குட்டி?"

"கூட யாரு இருக்கான்னு கேக்குது."

"வாரேன், வையி" என்றாள்.

சொன்னபடி வந்தாள். பொன்மலர்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தாள். பெட்டி என்னைக் கேட்டது. வழக்கமான பதிலைச் சொன்னேன். அடுத்த கேள்வி வந்ததும் அன்னபுஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் மாதிரி பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் இருக்கேன். கேட்டுக்கோ. இவ ஒத்தையில ஒழுங்கா சாப்பிட மாட்டா. இவ வீட்டுல அடுப்பு எரிஞ்சு எத்தன நாளாச்சோ, சமையக்கட்டப் பாத்தாலே தெரியுது. எந்நேரமும் பழைய ரயிலயே நெனச்சுக்கிட்டு இருக்கா. இவ நல்லா இல்ல."

"நன்றி" என்றது என் குரல். "மருத்துவர் உங்களை அழைப்பார்."

பொன்மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இதற்கெல்லாம் யார் அழைக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை போன் அடித்தது. டாக்டர் நூர்ஜஹான்.

"ஞானப்பூ அம்மாதானே? நீங்க ஒண்ணு சொல்லியிருக்கீங்க, உங்க கூட இருக்கறவங்க வேற சொல்லியிருக்காங்க. சட்டப்படி நான் பேசியே ஆகணும்." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "சாப்பாட்டைப் பத்தி அப்புறம் திட்டறேன். அதுக்கு முன்னால, ஏதோ ரயில்னு இருக்கே. அது என்னம்மா?"

"டாக்டருக்கு நேரம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு, சொல்லுங்க."

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறுமுகநேரியில் அண்ணாச்சி ஏறுவதிலிருந்து ஆரம்பித்தேன்.